1 பவுன் இழப்பீடு: மேகன் மார்க்கல் வழக்கில் வென்றது என்ன?

நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. தந்தைக்கு எழுதிய கடிதத்தை வெளியிட்டதற்காக பிரிட்டனின் மெயில் ஆன் சண்டே பத்திரிகை மீது இளவரசர் ஹாரியின் மனைவி மேகன் மார்க்கல் தொடுத்த வழக்கில் அவருக்குக் கிடைத்த இழப்பீடு வெறும் 1 பவுன் (பிரிட்டிஷ் பணம்) என்கிறார்களே, அது ஒரு வெற்றியா என்பது முதல் கேள்வி. டிவியில் பேட்டி கொடுக்கிறவர், நெட்ஃபிளிக்ஸ் தொடரில் தோன்றுகிறவர், தன் அந்தரங்கம் பறிபோனது என்று புகார் சொல்லலாமா என்பது இரண்டாவது. உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. நான் பல ஆண்டுகளாக இதழியல் மாணவர்களுக்குப் பத்திரிகைச் சட்டம் கற்பிக்கிறேன். இந்த வழக்கின் தீர்ப்புகளை வகுப்பில் வரிவரியாகப் படித்திருக்கிறோம். இங்கிலாந்து நீதிமன்றங்களில் வாதாடிய அனுபவம் எனக்கில்லை. ஆகவே தீர்ப்புகளில் எழுதப்பட்டிருப்பதை உறுதியாகச் சொல்வேன். அரண்மனைச் சுவர்களுக்குள் நடந்ததைப் பற்றி அந்த உறுதியோடு பேச மாட்டேன்.

நடந்ததை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம், ஏனென்றால் வாதங்கள் பலவும் இந்த வரிசை குழம்புவதால்தான் எழுகின்றன. ஹாரிக்கும் மேகனுக்கும் 2018 மே 19 அன்று விண்ட்சரில் திருமணம். அதற்குச் சில நாள்களுக்கு முன், மேகனின் தந்தை தாமஸ் மார்க்கல், பிரபலங்களைத் துரத்திப் படமெடுக்கும் ஒரு பாப்பராசி புகைப்படக்காரரோடு பேசிவைத்துக்கொண்டு, கோட்டுக்கு அளவு எடுப்பது போலவும் மகளைப் பற்றிய செய்தியைப் படிப்பது போலவும் படங்களுக்கு நின்றதை மெயில் ஆன் சண்டே அம்பலப்படுத்தியது. அடுத்து அவருக்கு இதயக் கோளாறு. திருமணத்துக்கு அவர் வரவில்லை. தேவாலயத்தில் மணமகளோடு கடைசிப் பகுதியை நடந்தவர் மாமனார் சார்லஸ். அதன் பிறகும் தந்தை பத்திரிகைகளுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். அந்த ஆகஸ்டில் மேகன் தன் கைப்பட ஐந்து பக்கக் கடிதம் எழுதி அவருக்கு அனுப்பினார். 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் பீப்பிள் இதழில் மேகனின் தோழிகள் ஐந்து பேர், பெயர் சொல்லாமல், அவரை ஆதரித்துப் பேசினார்கள். அதில் ஒருவர் இந்தக் கடிதத்தைக் குறிப்பிட்டார். தன்னைத் தவறாகச் சித்திரித்துவிட்டார்கள் என்று கருதிய தந்தை கடிதத்தை மெயில் ஆன் சண்டேயிடம் கொடுத்தார். பிப்ரவரி 10 அன்று அந்தப் பத்திரிகையும் அதன் இணையதளமும் சேர்ந்து ஐந்து கட்டுரைகளை வெளியிட்டன. கடிதத்தின் ஏறக்குறைய பாதி அப்படியே அச்சாகியிருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் வழக்குச் செய்தி வெளிவந்தது. அந்தரங்கத் தகவலைத் தவறாகப் பயன்படுத்தியது, பதிப்புரிமையை மீறியது, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியது என்பவை குற்றச்சாட்டுகள்.

கடிதத்தைத் தந்தையே கொடுத்திருக்க, பத்திரிகை மீது என்ன தவறு என்று பலர் கேட்கிறார்கள். ஆங்கிலச் சட்டம் இதற்கு மிகப் பழைய பதில் வைத்திருக்கிறது. கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் கடிதங்களை எட்மண்ட் கர்ல் என்ற புத்தக வியாபாரி அச்சிட்டு விற்றபோது, 1741இல் நீதிமன்றம் ஒரு வேறுபாட்டை வகுத்தது. கடிதத்தைப் பெற்றவருக்குத் தாள் சொந்தம். அதை ஊருக்கெல்லாம் அச்சிடும் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது. தாமஸ் மார்க்கல் அந்தக் கடிதத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கலாம், கிழித்துப் போட்டிருக்கலாம், மகள் தன்னைப் புண்படுத்தினாள் என்று சொந்த வார்த்தைகளில் சொல்லியிருக்கலாம். மகளுடைய வாக்கியங்களை வெளியிட இன்னொருவருக்கு அனுமதி கொடுக்க மட்டும் அவரால் முடியாது.

அந்தரங்க உரிமையின் வேர்களில் ஒன்றும் அரச குடும்பத்துக்கு மணமாகி வந்த ஒருவரின் வழக்குதான். விக்டோரியா அரசியும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் தங்கள் பிள்ளைகளையும் வீட்டையும் செப்புத் தகடுகளில் செதுக்கி, நெருங்கியவர்களுக்கு மட்டும் தர அச்சிட்டு வைத்திருந்தார்கள். விண்ட்சரில் அச்சுக் கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் கள்ளத்தனமாகச் சில பிரதிகள் எடுத்துக்கொள்ள, அவற்றைக் கண்காட்சியாக வைக்கவும் பட்டியல் அச்சிடவும் சிலர் கிளம்பினார்கள். ஆல்பர்ட் வழக்குத் தொடுத்து 1849இல் வென்றார். பின்னர் 1890இல் அமெரிக்காவில் வாரன், பிராண்டைஸ் என்ற இரு வழக்கறிஞர்கள் அந்தரங்க உரிமைக்காக எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தத் தீர்ப்பின் மீது பெருமளவு ஊன்றி நிற்கிறது. ஆனால் இங்கிலாந்திலேயே அந்த விதை முளைக்க ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. 1990இல் நடிகர் கார்டன் கே தலையில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தபோது, சண்டே ஸ்போர்ட் பத்திரிகையாளர்கள் அறைக்குள் புகுந்து படம் எடுத்தார்கள். நீதிபதிகள் அருவருப்பைத் தெரிவித்துவிட்டு, ஆங்கிலச் சட்டத்தில் அந்தரங்க உரிமை என்று ஒன்று இல்லையே என்று கைவிரித்தார்கள். மனித உரிமைச் சட்டம் 2000இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. போதைப் பழக்கத்திலிருந்து மீளும் கூட்டத்துக்குப் போய்வந்த மாடல் நவோமி கேம்பெல்லை மிரர் பத்திரிகை படம் பிடித்துப் போட்ட வழக்கில், 2004இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது.

மேகன் வழக்குக்கு மிக நெருக்கமான முன்னுதாரணம் அவருடைய மாமனாருடையது. பேச்சில் இதை யாரும் நினைவுகூர்வதில்லை என்பது எனக்கு வியப்பு. 1997இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டபோது சார்லஸ் எழுதிய பயணக் குறிப்பேட்டை, 2005இல் இதே மெயில் ஆன் சண்டே வெளியிட்டது. அந்தக் குறிப்பேட்டின் நகல்களை சார்லஸ் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அனுப்பியிருந்தார். அவ்வளவு பேருக்கு அனுப்பியது எப்படி அந்தரங்கம் ஆகும் என்று பத்திரிகை வாதிட்டது. 2006இல் முழு விசாரணை இல்லாமலேயே சார்லஸ் வென்றார், மேல்முறையீடும் தோற்றது. யாரிடம் எவ்வளவு சொல்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையே அந்தரங்கம். நண்பர்களிடம் காட்டியதால் நாட்டுக்கே காட்டியதாக ஆகிவிடாது. மேகனின் தோழிகள் கடிதத்தைப் பற்றிப் பேசினார்களே என்ற வாதத்துக்கு, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அதே பத்திரிகைக்கு எதிராகப் பதில் எழுதப்பட்டிருந்தது.

2021 பிப்ரவரி 11 அன்று நீதிபதி வார்பி, முழு விசாரணைக்குப் போகாமலேயே, அந்தரங்கம் தொடர்பாகவும் பதிப்புரிமையின் பெரும்பகுதி தொடர்பாகவும் மேகனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பீப்பிள் கட்டுரையில் கடிதத்தைப் பற்றி வந்த தவறான சித்திரிப்பைத் திருத்த ஓரிரு வரிகளை வெளியிட்டிருந்தால் அதற்கு நியாயம் இருந்திருக்கலாம், பாதிக் கடிதத்தை அச்சிட்டது வெளிப்படையாகவே மிதமிஞ்சியது என்பது அவர் முடிவின் சாரம். தந்தையின் பதில் சொல்லும் உரிமையை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. எடைபோட்டார், அந்த உரிமைக்குத் தேவையான அளவைப் பத்திரிகை எங்கோ தாண்டிப் போய்விட்டது என்று கண்டார். 2021 டிசம்பர் 2 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் அதை உறுதிசெய்தார்கள்.

மேகனுக்கு உவப்பில்லாத பகுதியையும் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டு விசாரணையில் அவருடைய முன்னாள் தகவல் தொடர்புச் செயலர் ஜேசன் நாஃப் சாட்சியம் அளித்தார். கடிதம் கசியக்கூடும் என்ற எண்ணத்தோடுதான் ஒவ்வொரு சொல்லையும் பார்த்து எழுதுவதாக மேகன் அவருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி வெளியானது. தந்தையை அன்பாக விளித்திருப்பது, கசிந்தால் படிப்பவர் மனத்தைத் தொடும் என்ற பொருளில் ஒரு வரியும் இருந்தது. தம்பதியைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்தவர்களைச் சந்திக்கப் போன நாஃபிடம் என்னென்ன சொல்லலாம் என்று மேகன் குறிப்புகள் தந்திருந்ததும் தெரியவந்தது. முந்தைய ஆவணங்களில் அதைத் தெரிவிக்காததற்கு, நினைவில் இல்லாமல் போனது என்று நீதிமன்றத்திடம் அவர் மன்னிப்புக் கேட்டார். வேண்டுமென்றே மறைத்தாரா, உண்மையிலேயே மறந்தாரா என்பது குறுக்கு விசாரணையில் சோதிக்கப்படவில்லை. அதனால் யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நீதிபதிகள் அதை ஒரு துரதிர்ஷ்டமான மறதியாக எடுத்துக்கொண்டு, முடிவு செய்ய வேண்டிய பிரச்சினையை அது தொடவில்லை என்றார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. திருட்டுக்குப் பயந்து கதவைப் பூட்டுகிறவர், திருட்டுக்குச் சம்மதித்ததாகாது. கடிதம் கசியும் என்று அஞ்ச அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது, கசியவும் செய்தது.

இப்போது அந்த 1 பவுன். அந்தரங்க மீறலுக்குப் பெயரளவு இழப்பீடாக 1 பவுன் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டது உண்மை. அதோடு நிறுத்திவிட்டுச் சொல்கிறவர்கள் மீதியை விட்டுவிடுகிறார்கள். பதிப்புரிமை மீறலுக்குத் தனியாக ஒரு தொகையைப் பத்திரிகையின் நிறுவனம் கொடுத்தது. அது எவ்வளவு என்று வெளியிடப்படவில்லை. வழக்குச் செலவு வேறு: இறுதிக் கணக்குக்கு முன்பே, 2021 மார்ச்சில், 4,50,000 பவுனை முன்தொகையாகக் கட்ட நீதிபதி உத்தரவிட்டிருந்தார். 2021 டிசம்பர் 26 அன்று தான் தோற்றதைத் தன் முதல் பக்கத்திலேயே மெயில் ஆன் சண்டே அச்சிட வேண்டியிருந்தது. அந்தரங்கம் குறித்து எவ்வளவு வலித்தது என்று நிரூபிப்பதற்காக இன்னொரு விசாரணையில் குறுக்குக் கேள்விகளுக்கு உட்படுவதைத் தவிர்க்கவே பெயரளவு தொகைக்கு ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் ஊகம். ஊகம்தான், ஆனால் இதுபோன்ற வழக்குகளில் வழக்கறிஞர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள்.

வழக்கைத் தாண்டி, இந்த உறவு ஏன் இவ்வளவு கசந்தது என்று பார்த்தால், மேகனோடு தொடங்கிய கதை அல்ல அது. பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர்கள் பலரும் இதே வாசல் வழியாகத்தான் நுழைந்திருக்கிறார்கள். 1981 டிசம்பரில், டயானாவுக்குத் திருமணமாகி ஐந்தே மாதத்தில், பத்திரிகை ஆசிரியர்களை அரசியின் பத்திரிகைத் தொடர்புச் செயலர் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு அழைத்து, அந்தப் பெண்ணைக் கொஞ்சம் விட்டுவையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, கருவுற்றிருந்த டயானா பஹாமாஸ் கடற்கரையில் நீச்சலுடையில் இருந்த படங்களை சன், டெய்லி ஸ்டார் பத்திரிகைகள் போட்டன. 1992இல் சார்லஸின் தம்பி ஆண்ட்ரூவை மணந்த சாரா ஃபெர்கூசனின் விடுமுறைப் படங்களை டெய்லி மிரர் வெளியிட்டது. 1999இல் இன்னொரு தம்பி எட்வர்டை மணக்க இருந்த சோஃபியின் பழைய படம் ஒன்றை சன் வெளியிட்டு, கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டது. ஹாரியின் அண்ணன் வில்லியமின் மனைவியான, இப்போது எல்லாப் பத்திரிகைகளும் கொண்டாடும் கேத்தரினைப் பற்றி அன்று எழுதியதை மறந்துவிட்டோம்: வில்லியம் எப்போது மணப்பார் என்று காத்துக் கிடப்பவர் என அவருக்குப் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். நியூஸ் ஆஃப் தி வேர்ல்டின் அரச குடும்பச் செய்தியாளராக இருந்த கிளைவ் குட்மன், கேத்தரினின் தொலைபேசிச் செய்திகளை 155 முறை ஒட்டுக்கேட்டதாக 2014இல் நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். அடுத்த வீட்டு வம்பு என்று சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம் அல்ல இது. ஒரு இளம்பெண்ணின் தொலைபேசிக்கு வந்த செய்திகளை முன்பின் தெரியாத ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதற்குப் பின்னால் ஓர் எழுதப்படாத ஏற்பாடு இருக்கிறது. அரச குடும்பம் மக்கள் பணத்தில் வாழ்கிறது. மக்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பது அதன் இருப்புக்கே அவசியம். ராயல் ரோட்டா என்று ஒரு முறை உண்டு: ஒரு சில பிரிட்டிஷ் பத்திரிகைகளின் செய்தியாளர்கள் மட்டும் அரச நிகழ்ச்சிகளுக்குள் அனுமதிக்கப்பட்டு, எடுத்ததை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வார்கள். சன், மிரர், மெயில், எக்ஸ்பிரஸ் அதில் அடக்கம். கடுமையாக எழுதுகிற பத்திரிகைக்கே அடுத்த வாரம் புன்னகையோடு படம் கொடுக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அதில் வளர்ந்தவர்களுக்கு அது பழகிவிடும். வெளியிலிருந்து, அதுவும் நடிகையாகத் தனக்கென்று ஒரு விளம்பர அலுவலரை வைத்து, எதைச் சொல்வது என்று தானே தீர்மானித்துப் பழகிய ஒருவருக்கு அது மூச்சுமுட்டுவது இயல்பு. 2020 ஜனவரியில் அரசப் பொறுப்புகளிலிருந்து விலகுவதாக அறிவித்தபோதே ராயல் ரோட்டாவிலிருந்தும் விலகுவதாக ஹாரியும் மேகனும் சொன்னார்கள். அந்த ஏப்ரலில் மேலே சொன்ன நான்கு டேப்லாய்டு (பரபரப்புப்) பத்திரிகைக் குழுமங்களோடும் இனி எந்தத் தொடர்பும் இல்லை என்று கடிதம் எழுதினார்கள். அந்த இரண்டாவது முடிவு எனக்கு உடன்பாடில்லை. மறுப்பைக்கூடத் தர மாட்டேன் என்றால், பொய்ச் செய்தியைத் தடுக்க நினைக்கும் நல்ல நிருபருக்கும் வழி அடைபட்டுப்போகிறது.

இனவெறி பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் அதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பதிலை எழுத முடியாது. மேகனின் தாய் ஆப்பிரிக்க அமெரிக்கர். 2016 நவம்பரில், காதல் செய்தி வெளியான சில நாள்களிலேயே, கட்டுரைகளில் இன வாடை வீசுவதாக ஹாரியின் சார்பில் அரண்மனை அறிக்கை விட்டது. மேகனின் பூர்வீகத்தைக் குற்றக் கும்பல்களுக்குப் பேர்போன அமெரிக்க நகரமான காம்ப்டனோடு முடிச்சுப்போட்டு மெயில் இணையதளம் தலைப்பு வைத்த வாரம் அது. 2019 அக்டோபரில் கட்சி வேறுபாடின்றி 72 பிரிட்டிஷ் பெண் எம்.பி.க்கள், சில செய்திகளில் காலனியக் காலத்து நாற்றம் அடிக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். 2020இல் கார்டியன் பத்திரிகை ஒரு கணக்கெடுத்தது: 14 அச்சுப் பத்திரிகைகளில் மேகனைப் பற்றி வந்த 843 கட்டுரைகளில் 43 சதவீதம் எதிர்மறையானவை; அதே காலத்தில் கேத்தரினைப் பற்றிய 144 கட்டுரைகளில் எதிர்மறையானவை 8 சதவீதமே. ஒருவர் கர்ப்பக் காலத்தில் அவகாடோ சாப்பிட்டால் மசக்கைக்கு மருந்து, மற்றவர் அதே பழத்தைச் சாப்பிட்டால் வறட்சிக்கும் மனித உரிமை மீறலுக்கும் துணை போகிறார் என்று எழுதியதை நீங்களே தேடிப் பார்க்கலாம். பாரபட்சம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதில் எவ்வளவு நிறத்தால், எவ்வளவு அமெரிக்கர் என்பதால், எவ்வளவு வெறுப்புச் செய்திக்கு விழும் கிளிக்குகளுக்காக என்று பிரித்துச் சொல்ல எந்தக் கணக்கெடுப்பாலும் முடியாது. சன்னில் 2022 டிசம்பரில் டிவி தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சன் மேகனைப் பற்றி எழுதிய பத்திக்கு 25,000க்கு மேற்பட்ட புகார்கள் குவிந்தன. பத்திரிகை ஒழுங்கு அமைப்பான இப்சோ, பெண் என்பதால் இழிவுபடுத்தியது என்ற குற்றச்சாட்டை ஏற்றது, இனம் பற்றிய குற்றச்சாட்டை ஏற்கவில்லை. பார்க்கும் இடத்தைப் பொறுத்து முடிவு எப்படி மாறுகிறது என்பதற்கு அதுவே சான்று.

நிரூபிக்கப்படாதவை இன்னும் சில உண்டு. அரண்மனையின் மற்ற அலுவலர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள மேகனைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளுக்குக் கசியவிட்டார்கள் என்று தம்பதி சொல்கிறார்கள். எந்த நீதிமன்றமும் அதை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லவில்லை. அதேபோல், மேகன் ஊழியர்களை மிரட்டி நடத்தினார் என்ற புகார் 2021 மார்ச்சில் டைம்ஸ் பத்திரிகையில் வந்தது, அவர் மறுத்தார். அரண்மனை விசாரணை நடத்தி, முடிவை வெளியிடாமலே வைத்துக்கொண்டது. இரண்டையும் உண்மை என்று எடுத்துக்கொண்டு வாதிடுகிறவர்களிடம் நான் ஆதாரம் கேட்பேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அமெரிக்க டிவி தொகுப்பாளர் ஓப்ராவுக்குப் பேட்டி கொடுத்தவர், தன் வாழ்க்கையையே நெட்ஃபிளிக்ஸ் தொடராக்கி விற்றவர் அந்தரங்கம் பேசலாமா? பேசலாம். ஒரு பக்கத்தைத் தானே திறந்து காட்டியவரின் எல்லாப் பக்கங்களையும் புரட்டலாம் என்று சட்டம் சொல்லவில்லை. நியாயமும் அப்படிச் சொல்லாது. காலவரிசையையும் கவனியுங்கள்: கடிதம் அச்சானது 2019இல், பேட்டி வந்தது 2021 மார்ச்சில், தொடர் வந்தது 2022 டிசம்பரில். ஆனால் உங்கள் உறுத்தலிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தானே சொன்ன கதையில் பிழை இருந்தால் அதைச் சுட்டிக்காட்டப் பத்திரிகைக்கு முழு உரிமை உண்டு. ஓப்ரா பேட்டியில் சொன்னவற்றைச் சரிபார்த்து எழுதியவர்களையெல்லாம் வெறுப்பாளர்கள் என்று சிலர் ஒதுக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. பேசுவதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மேகனுக்கு உண்டு. பேசியதற்குப் பிறகு வரும் கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை.

எனக்கு உண்மையான கவலை வேறிடத்தில் இருக்கிறது. இந்தத் தீர்ப்பைப் பெற இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தோற்றால் இரண்டு தரப்புச் செலவையும் தாங்கும் வசதி மேகனுக்கு இருந்தது. கடிதத்தின் சொற்கள் எழுதியவருக்கே சொந்தம் என்ற விதி, வேலைக்காகக் குடும்பத்தைப் பிரிந்து போன மகன் தந்தைக்கு எழுதிய கடிதத்துக்கும் அப்படியே பொருந்தும். அவர் மீது ஒரு குற்றச்சாட்டு எழுந்து, அந்தக் கடிதம் முதல் பக்கத்தில் வந்தால், பல லட்சம் பவுன் செலவழித்து லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போக அவரால் ஆகாது. செலவில்லாமல் புகார் செய்ய இப்சோ இருக்கிறது. ஆனால் புகார்களைக் கேட்டு இப்சோ இழப்பீடு வாங்கித் தருவதில்லை, பெரும்பாலும் திருத்தமோ கண்டனமோதான் போட வைக்கும். தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஊழலுக்குப் பிறகு நீதிபதி லெவிசன் நடத்திய விசாரணை 2012இல் இதைவிட வலுவான, எளியவர்களுக்கும் எட்டும் ஓர் ஏற்பாட்டைப் பரிந்துரைத்தது. சன், மெயில் உள்ளிட்ட பெரிய பத்திரிகைகள் அதில் சேர மறுத்தன. சேர வைக்கும் வலு உள்ள சட்டப்பிரிவை நாடாளுமன்றம் இயற்றியும், எந்த அரசும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவே இல்லை, கடைசியில் 2024இல் நீக்கியும்விட்டார்கள்.